கடலோர ஊர்களில் ஆய்வு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டவுன் பிளானிங் மாணவி நான். நாகை மீனவ ஊர்களில் யாருக்கு ஆபத்து அதிகம், யார் சீக்கிரம் மீள்கிறார்கள் என்று ஆய்வு செய்கிறேன். கடலிலிருந்து வீடு இருக்கும் தூரத்தை அளவுகோலாக வைக்கலாமா?

பதில்: வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச் 30இல் வந்த அரசாணை 172, உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு, தள்ளிப் போனால் புது வீடு, போகாவிட்டால் பழையதைச் சொந்தச் செலவில் சரிசெய்துகொள்ளலாம் என்றது. அலைக்குத் தள்ளிப் போவது நல்லதுதான், ஆனால் படகும் வலையும் கரையில் கிடக்கின்றன, கருவாடு காய மணல்வெளி வேண்டும், கடலைப் பார்த்துத்தான் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்றே முடிவாகிறது. சென்னைக் குப்பங்களிலிருந்து செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டவர்களைப் பாருங்கள். கடலும் தூரம், பெருமழை பெய்தால் தெருவில் வெள்ளம் வேறு!

கேள்வி: ஊரில் முதலில் யாரைப் பார்ப்பது?

பதில்: ஊர்ப் பஞ்சாயத்தாரை. தேர்தலில் வரும் ஊராட்சி அல்ல, மீனவர்கள் தங்களுக்குள் நடத்தும் பஞ்சாயத்து. அவர்கள் சரி என்றால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். சுனாமி நிவாரணம் பெரும்பாலும் அவர்கள் கை வழியாகத்தான் ஊருக்குள் போனது. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பது ஆண்கள், கணக்கில் வருவது ஊர் வரி கட்டும் குடும்பங்கள். கணவனை இழந்தவர், கூடையில் மீன் விற்பவர், கூலிக்கு வரும் தலித் குடும்பம் எல்லாம் அந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். தலித்துகளுக்கு நிவாரணம் சரியாகப் போகவில்லை என்ற புகார் அப்போதே எழுந்தது. பஞ்சாயத்துப் பட்டியலை வாங்கிக்கொண்டு, அதில் யார் இல்லை என்று நீங்களே தெருத்தெருவாகப் போய்ப் பாருங்கள், என்னைக் கேட்டால் ஆய்வே அதுதான்.

கேள்வி: அலையைத் தடுக்கக் கரையில் மரம் நட்டால் போதாதா?

பதில்: வேதாரண்யம் பக்கத்து நாலுவேதபதியில் 2002இல் ஒரே நாளில் 80,000க்கும் மேற்பட்ட கன்றுகள் நட்டு கின்னஸில் இடம்பிடித்தார்கள், சுனாமியில் அங்கே சேதம் குறைவு. சரி, 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது? காற்றில் தென்னந்தோப்புகளே சாய்ந்தன. புதுத் தென்னங்கன்று காய்க்கும் வரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும் என்றும் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள், கடன் பேச்சும் தானாக வரும். அப்புறம் வடகிழக்குப் பருவமழையில் இன்னொரு தடவை போங்கள். காலை பத்து மணிக்குப் போய்ப் பெண்கள் பேச முன்வரவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஏலம் முடிந்து அவர்கள் கூடையோடு எப்போதோ பஸ் ஏறியிருப்பார்கள்.