உறைபனி விழும் ஊரில் தேன் பெட்டி: மூடியில் தொடங்குங்கள்

கேள்வி: ஊட்டி தலைகுந்தா பக்கம் 3 நியூட்டன் பெட்டிகளில் (இந்தியத் தேனீக்கான சிறிய மரப்பெட்டி) இந்தியத் தேனீ வளர்க்கிறேன். போன ஜனவரியில் பனிக்குப் பயந்து ஒரு பெட்டியை பாலித்தீன் தாளால் இறுகச் சுற்றினேன், கூட்டமே செத்துப்போனது. திறந்தால் உள்ளே ஒரே ஈரம். இந்த முறை தெர்மாகோல் வைக்கலாமா?

தெர்மாகோலைப் பெட்டியின் சுவருக்கு வெளியே வையுங்கள், மேலே வேண்டாம். உங்கள் கூட்டத்தைக் கொன்றது பெரும்பாலும் அந்த ஈரம்தான். குளிர் ஏறினால் தேனீக்கள் அடைமேல் பந்து போலத் திரண்டு, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவைத்துத் தாங்களே சூடு உண்டாக்கிக்கொள்ளும், அடையில் வளரும் தேனீப் புழு (குஞ்சு) இருந்தால் நடுவில் 34, 35 டிகிரி வரைகூட வைத்திருக்கும். அதற்கு எரிபொருள் தேன். தேன் செலவாகும்போது வெளிவரும் நீராவி மேலே போய், சில்லிட்ட மூடியில் பட்டு, துளியாகி அந்தப் பந்தின் மேலேயே சொட்டும். நனைந்த தேனீ பிழைப்பது கஷ்டம். பாலித்தீன் அந்த ஈரம் வெளியேற வழியே விடவில்லை.

நியூட்டன் பெட்டியில் இதற்கு ஒரு வசதி உண்டு. கூரை போன்ற மூடிக்குக் கீழே உள்ள பலகையில் கம்பி வலைத் துளை இருக்கிறதே, அதன்மேல் காய்ந்த வைக்கோலைக் கோணிச் சாக்கில் திணித்து மெத்தை மாதிரி வையுங்கள். சூடு தங்கும், ஈரம் மெல்ல வெளியேறும். சாக்கு நனைந்தால் மாற்றிவிடுங்கள். பெட்டியை முன்பக்கம் சற்றே சாய்த்து வைத்தால் உள்ளே தேங்கும் தண்ணீரும் வடியும். வாசலைச் சிறிதாக்குங்கள், ஆனால் அடைத்துவிடாதீர்கள்.

அப்புறம், தேனீ இல்லாத அடைகளை எடுத்துவிட்டு, அந்தக் காலி இடத்தைப் பிரிக்கத் தடுப்புப் பலகை போடுங்கள். காலி அடையில் மெழுகு அந்துப்பூச்சிதான் குடியேறும், சூடாக்க வேண்டிய இடமும் வீணாகக் கூடும்.

பெட்டி பள்ளத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் தேங்கும், உறைபனியும் அங்கேதான் அதிகம். காலை வெயில் படும் மேட்டுக்கு மாற்றுங்கள், ஆனால் ஒரு நாளைக்கு 2 அடிக்கு மேல் நகர்த்தினால் வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பித் தவிக்கும்.

எவ்வளவு மூடினாலும் உள்ளே தேன் இல்லாவிட்டால் பயனில்லை. பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்து லேசாகத் தெரிந்தால், பனி தொடங்கும் முன்பே 2 பங்கு சர்க்கரைக்கு 1 பங்கு தண்ணீர் என்று கெட்டிப் பாகு கொடுங்கள். பசித்தால் இந்தியத் தேனீ பெட்டியை விட்டே ஓடிவிடும். திறந்து பார்க்க வேண்டுமென்றால் வெயில் ஏறி, தேனீக்கள் நன்றாகப் பறக்கும் நேரத்தில் மட்டும் திறங்கள்.