பழைய பைக்கில் செல்ஃப் அழுத்தினால் ‘டிக்’ என்று மட்டும் கேட்கிறது. பேட்டரி மாற்றணுமா?

2009 மாடல் 150 சிசி வண்டி, கிக்கரை உதைத்தால் உடனே எடுக்கிறது, செல்ஃபில் மட்டும் ‘டிக்’ என்று கேட்டு நின்றுவிடுகிறது என்கிறீர்கள். பேட்டரிக் கடைக்குப் போகும் முன் எர்த் வயரை, அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் கேபிளைப் பாருங்கள். இதே கோளாறுக்கு நான் முதலில் புது பேட்டரிதான் வாங்கினேன். இரண்டு வாரம் ஓடியது, அப்புறம் மறுபடியும் அதே ‘டிக்’.

நான் இருப்பது சென்னை திருவான்மியூரில். வண்டி ராத்திரி முழுக்க கடற்காற்றில் நிற்கும். பேட்டரி நெகட்டிவிலிருந்து வரும் கேபிள் இன்ஜினில் முடுக்கப்பட்டிருக்கும் இடத்தில், வெளியே பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றியதும் வளையத்துக்கு அடியில் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் கொட்டியது. ரப்பர் உறையைக் கொஞ்சம் கீறிப் பார்த்தால், உள்ளே செம்புக் கம்பிகள் ஒரு அங்குலத்துக்குப் பச்சை பூத்து, விரலால் வளைத்தாலே உதிர்ந்தன. விளக்குக்கும் ஹாரனுக்கும் அந்த மிச்சக் கம்பி போதும். செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட் பல மடங்கு அதிகம், அதற்குப் போதாது.

உங்கள் வண்டியிலும் இதுதானா என்று பார்க்க, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். 20 வோல்ட் டிசியில் வைத்து, பேட்டரியை முதலில் பாருங்கள். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்ல சார்ஜ். செல்ஃபை அழுத்தும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். விழவில்லை என்றால், கறுப்பு முனையை நெகட்டிவ் டெர்மினல் மேலேயே வைத்து, சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வண்டி நியூட்ரலில் இருக்க, இன்னொருவரை செல்ஃபை அழுத்தச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில்தான் கோளாறு. என் வண்டியில் 3 வோல்ட்டைத் தாண்டியது.

அங்கே சரியாக இருந்தால் அடுத்து ரிலேயைப் பாருங்கள்; பட்டனை அழுத்தியதும் பேட்டரி கரண்டை மோட்டாருக்கு விடும் சுவிட்ச் அதுதான், ‘டிக்’ சத்தமும் அதிலிருந்துதான். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை மோட்டாரில் கேபிள் வந்து சேரும் போல்ட்டில். பட்டனை அழுத்தாதபோது 12 வோல்ட் பக்கம் காட்டும், அழுத்தியதும் அரை வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். ‘டிக்’ கேட்டும் 12-இலேயே நின்றால் ரிலே உள்ளே கான்டாக்ட் தீய்ந்திருக்கிறது. சில மெக்கானிக்குகள் ஸ்குரூ டிரைவரால் ரிலேயின் இரண்டு போல்ட்டையும் ஷார்ட் செய்து பார்ப்பார்கள். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது, பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரலாம். தயவுசெய்து அந்தப் பொறி வேண்டாம்.

‘டிக்’ சத்தமே வராத நாள் வந்தால் அது வேறு கதை: கிளட்ச் சுவிட்ச், ஃபியூஸ், கில் சுவிட்ச் (ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்) இவற்றைப் பாருங்கள். மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் சுற்றவில்லை என்றால், மோட்டாரின் சுற்றை இன்ஜினுக்குக் கொடுக்கும் ஒன்வே கிளட்ச்சில் கோளாறு.

கேபிளைக் கழற்றும்போது பேட்டரியில் நெகட்டிவை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். வளையமும் இன்ஜினில் அது உட்காரும் இடமும் உப்புத்தாளில் பளபளவென்று வரும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். கம்பி உள்ளே பச்சை பூத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, அதே தடிமனில் புது கேபிள் போடுங்கள். சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். எனக்கு ஆன செலவு, பேட்டரிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொன்று கேட்கணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் உங்கள் வண்டி தண்ணீரில் நின்றதா? நின்றிருந்தால், எர்த்தும் ரிலேயும் சரியாக இருந்தும் மோட்டார் சுற்றாதபோது, அதைக் கழற்றி, உள்ளே சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். துருவும் கரித்தூளும் சேர்ந்து பிரஷ் அதன் கூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். பல வண்டிகளுக்கு பிரஷ் மட்டும் தனியாகக் கிடைக்கும், முழு மோட்டாரையும் மாற்றச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள்.