நுரையீரல் புரதங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறல் பற்றிய உங்கள் கட்டுரையில், நுரையீரலில் சுரக்கும் சர்ஃபாக்டன்ட்டில் சுமார் 90 சதவீதம் கொழுப்பு என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் எஞ்சிய சிறு பங்கான புரதங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கொழுப்பை மட்டும் தயாரித்துக் குழந்தைக்குக் கொடுத்தால் போதாதா? காற்றையே சுவாசிக்காத கருவில் அந்தப் புரதங்களுக்கு என்ன வேலை?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

கொழுப்பை மட்டும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூச்சுத்திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில், பரப்பு இழுவிசையைக் குறைக்கும் இப்பொருள் போதிய அளவு இல்லை என்பதை மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் காட்டினார்கள். அதையடுத்து 1960களில், சர்ஃபாக்டன்ட்டின் முதன்மைக் கொழுப்பான டைபால்மிடாயில் பாஸ்ஃபடிடைல்கோலினை நுண்துளிகளாக்கி மூச்சோடு செலுத்திய சிகிச்சைகள் பலன் தரவில்லை.

காரணம் அந்தக் கொழுப்பின் இயல்பிலேயே இருக்கிறது. அது இளகும் வெப்பநிலை சுமார் 41 டிகிரி செல்சியஸ். நம் உடல் வெப்பநிலையோ 37. மூச்சை வெளிவிடும்போது காற்று நுண்ணறை சுருங்க, இறுகிய இந்தக் கொழுப்புப் படலம் நெருக்கத்தைத் தாங்கி, பரப்பு இழுவிசையைப் பூஜ்யத்துக்கு அருகில் கொண்டுவந்து, நுண்ணறை மூடிக்கொள்ளாமல் காக்கிறது. ஆனால் இதே இறுக்கத்தால், அடுத்த மூச்சில் நுண்ணறை விரியும்போது நீர்ப்பரப்பின் மேல் விரைந்து பரவ அதனால் தனியாக இயலாது. அப்படிப் பரவச் செய்பவை எஸ்பி-பி, எஸ்பி-சி என்னும் இரு சிறு புரதங்கள். இரண்டும் நீரை விலக்கிக் கொழுப்போடு ஒட்டி நிற்பவை. இரண்டாம் வகை நுண்ணறைச் செல்கள் அடுக்கடுக்காகச் சேமித்துவைத்து வெளியேற்றும் கொழுப்பைக் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்புக்குக் கொண்டுசேர்ப்பதும் இவற்றின் வேலைதான்.

ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிவாரா குழுவினர் மாட்டு நுரையீரலிலிருந்து பிரித்தெடுத்த சர்ஃபாக்டன்ட்டைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து, மூச்சு சீரடைந்ததை 1980இல் வெளியிட்டார்கள். அந்தச் சாற்றில் இவ்விரு புரதங்களும் கொழுப்போடு சேர்ந்தே வந்திருந்தன. பிற்காலத்தில் புரதமே இல்லாத செயற்கை மருந்தொன்றும் பயன்பாட்டுக்கு வந்தது உண்மைதான். ஆனால் அதில் கொழுப்பைப் பரவச் செய்ய வேறு வேதிப்பொருட்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. புரதத்தின் வேலையை யாராவது செய்தே ஆகவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சர்ஃபாக்டன்ட்டில் உள்ள எஸ்பி-ஏ, எஸ்பி-பி, எஸ்பி-சி, எஸ்பி-டி என்னும் நான்கு புரதங்களில் பிறப்பின்போது இல்லாமலே முடியாதது எஸ்பி-பி ஒன்றுதான் என்று நான் சொல்வேன். அதன் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதான குழந்தை, முழு மாதம் நிறைந்து நல்ல எடையோடு பிறந்தாலும் சில மணி நேரத்திலேயே மூச்சுத்திணறத் தொடங்குகிறது. 1993இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோயில், வெளியிலிருந்து கொடுக்கும் சர்ஃபாக்டன்ட் தற்காலிக ஆறுதலே தருகிறது. நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் சில மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். முழு மாதம் நிறைந்து பிறந்த குழந்தையின் பெற்றோரிடம் இதை விளக்க நேரும் மருத்துவரின் நிலையை நினைத்தால் மனம் கனக்கிறது. எஸ்பி-பி மரபணு நீக்கப்பட்ட எலிக்குட்டிகளும் பிறந்தவுடன் இறக்கின்றன. எஸ்பி-சி நீக்கப்பட்டவை பிழைத்துக்கொள்கின்றன, அவற்றுள் சிலவற்றுக்கு நுரையீரல் நோய் பின்னரே வருகிறது.

கருவைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான்கு புரதங்களும் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. சுமார் 19 நாள் கர்ப்பகாலம் கொண்ட எலியில், கிளைவிடும் நுரையீரல் குழல்களின் நுனிகளில் எஸ்பி-சியின் மரபணு 10, 11ஆம் நாள் வாக்கிலேயே இயங்கத் தொடங்குகிறது. அப்போது நுண்ணறை என்று ஒன்று உருவாகியிருக்கவே இல்லை. எஸ்பி-ஏ கர்ப்பத்தின் கடைசிச் சில நாட்களில்தான் பெருகுகிறது. மனிதக் கருவிலும் எஸ்பி-ஏ தாமதமாகவே வருகிறது. பனிக்குட நீரில் அதன் அளவு சுமார் 30 வாரங்களுக்குப் பிறகே தெளிவாக உயர்கிறது.

எஸ்பி-ஏ, எஸ்பி-டி ஆகிய இரண்டும் நீரில் கரைபவை. கிருமிகளின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைகளைப் பற்றிக்கொண்டு அவற்றை விழுங்கு செல்களுக்குக் காட்டிக்கொடுப்பவை. எஸ்பி-ஏ இல்லாத எலிகள் இயல்பாக மூச்சுவிட்டாலும், தொற்றுக்கு எளிதில் ஆளாகின்றன. விலங்கு நுரையீரலிலிருந்து இன்று தயாரிக்கப்படும் மருந்துகளில், கரிமக் கரைப்பான் கொண்டு பிரிக்கும்போது பி, சி ஆகியவை கொழுப்போடு வந்துவிட, ஏ, டி இரண்டும் நீங்கிவிடுகின்றன. எனவே அம்மருந்து குழந்தையின் மூச்சுக்கு உதவுமே தவிர, இந்தக் கிருமித் தடுப்பைத் தருவதில்லை. அந்த இரு புரதங்களைக் குழந்தையின் செல்களே உண்டாக்கியாக வேண்டும்.