இல்லையும் இல்லையும் சேர்ந்தால் உறவா?

கேள்வி: எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் தேங்கும் மண்ணிலிருந்து 12 பாக்டீரியாக்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' என்று விடை வரும் 20 சோதனை செய்து, கம்ப்யூட்டரில் போட்டு, எது எதற்கு நெருக்கம் என்று காட்டும் கிளைப்படம் எடுத்தேன். ஒரு முறையில் 3-வதும் 7-வதும் ஒரே கிளையில் வருகின்றன, இன்னொரு முறையில் தள்ளிப் போய்விடுகின்றன. எதை நம்புவது? (அட்டவணை இணைத்திருக்கிறேன்.)
- வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: உங்கள் சோதனையில் தப்பு இல்லைம்மா, எண்ணும் விதம்தான் வேறு. அட்டவணையை நானும் எண்ணிப் பார்த்தேன். இரண்டும் 'ஆம்' என்றவை 4, இரண்டும் 'இல்லை' என்றவை 11, மாறுபட்டவை 5. எளிய பொருத்தக் கெழு (கெழு என்றால் இங்கே ஒற்றுமையை அளக்கும் எண்) 'இல்லை'யையும் ஒற்றுமையாக எடுத்துக்கொள்ளும், அதனால் 20-க்கு 15, அதாவது 75 சதவீதம். ஜக்கார்ட் கெழு அந்த 11-ஐத் தூக்கிப் போட்டுவிடும், 9-க்கு 4, 44 சதவீதம்தான். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கும் கருங்கல்லுக்கும் சிறகு இல்லை, செதில் இல்லை, கால் இல்லை. அதை வைத்து இரண்டையும் ஒரே இனம் என்போமா? அந்தப் பயத்தில்தான் பலர் ஜக்கார்ட் பக்கம் போகிறார்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஜக்கார்டையும் அப்படியே ஏற்க மாட்டேன். மாறுபட்ட ஐந்தையும் மறுபடி பாருங்கள், ஐந்திலும் 3-வதுதான் 'ஆம்', 7-வதுதான் 'இல்லை', ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை. மெதுவாக வளரும் பாக்டீரியா பல சோதனைக்கு 'இல்லை' என்றுதான் சொல்லும், நேரம் கொடுத்தால் மாறலாம். 1957-லேயே ஊதா நிறக் குரோமோபாக்டீரியத்தை வைத்துக் கம்ப்யூட்டரில் வகைப்படுத்திக் காட்டிய பீட்டர் ஸ்னீத், பிற்பாடு இதற்காகவே வீரிய வேறுபாடு, வடிவ வேறுபாடு என்று இரண்டாகப் பிரித்தார். ஒன்றே எல்லாவற்றிலும் முந்தி 'ஆம்' என்றால் வீரிய வேறுபாடு; சிலவற்றில் இது, சிலவற்றில் அது 'ஆம்' என்றால் வடிவ வேறுபாடு. அவர் கணக்குப்படி உங்கள் ஜோடிக்கு வடிவ வேறுபாடு பூஜ்யம்!

அதனால் முதலில் அந்த ஐந்து சோதனையை மட்டும் திரும்பச் செய்யுங்கள், 3-வதையும் பக்கத்திலேயே வைத்து. சிட்ரேட் சாய்வை (சிட்ரேட்டை உண்டு வளர்ந்தால் பச்சையிலிருந்து நீலமாகும் ஊடகம்) 24 மணி நேரத்தில் பச்சை என்று எழுதி மூடிவிடாமல் நாலு நாள் வரை தினமும் பாருங்கள், ஓரத்தில் நீலம் ஏறும்போதே தெரிந்துவிடும். அப்புறமும் 'இல்லை' என்றால் அது நிஜமான 'இல்லை', ஜக்கார்ட் சொன்னது சரி. 'ஆம்' என்று மாறினால் இரண்டுக்கும் 16எஸ் வரிசை (பாக்டீரியா இனத்தை அடையாளம் காண உதவும் மரபணுவின் எழுத்து வரிசை) எடுங்கள். அதிலும் ஒன்று, ஈ. கோலை, ஷிகெல்லா என்ற இரண்டு குடல் பாக்டீரியாக்களும் 16எஸ்-ல் 99 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும், அதை மட்டும் வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது, ஆகவே இந்த 20 சோதனை அட்டவணையைத் தூர எறிந்துவிடாதீர்கள்.