பதினேழு-சி கையில் இருக்கிறதா?

மக்களவைத் தேர்தல் முடிவு வந்து எத்தனை நாளானாலும் அதைப் பற்றிய வாக்குவாதம் ஓய்வதில்லை. வடார்க்காட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளைக் கட்சி பார்க்காமல் எடுத்துக்கொண்டு, தேர்தல் நடத்துதல் விதிகளின்படி பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: 2019-ல் வேலூர் ஓட்டு எண்ணிக்கையில் காலையில் ஏ.சி.சண்முகம் (அ.தி.மு.க. கூட்டணி) முன்னிலை. அப்புறம் மாறி, கதிர் ஆனந்த் (தி.மு.க.) 8,141 ஓட்டில் ஜெயித்தார். "நடுவில் ஏதோ நடந்துவிட்டது" என்று எங்கள் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். முன்னிலை இப்படி மாறுவது இயல்பா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இயல்புதான். எண்ணும் முறையைப் பார்த்தாலே காரணம் தெரியும்.

ஒரு மக்களவைத் தொகுதியை மொத்தமாகப் போட்டு எண்ணுவதில்லை. வேலூர் என்றால் வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் என்று ஆறு சட்டமன்றப் பகுதிகளுக்கும் தனித்தனிக் கூடம். ஒவ்வொரு கூடத்திலும் வழக்கமாக 14 மேசை. முதல் ரவுண்டில் 1-ஆம் எண் பூத் முதல் மேசைக்கும், 2-ஆம் எண் பூத் இரண்டாம் மேசைக்கும் என்று 14 வரை போகும். அடுத்த ரவுண்டு 15-ல் தொடங்கும். ஒரு பகுதியில் 252 பூத் இருந்தால் 18 ரவுண்டு.

பூத் எண்கள் ஊர் வரிசையில் ஓடுகின்றன. அதனால் ஒரு ரவுண்டு என்பது பக்கத்துப் பக்கத்து ஊர்களின் ஓட்டு. முதல் ஐந்து ரவுண்டு கிராமங்களாகவும் பிந்தைய ரவுண்டுகள் டவுனாகவும் அமைந்துவிட்டால், எண்ணிக்கை போகப் போக முன்னிலை கைமாறும். ஆறு கூடங்களும் ஒரே வேகத்தில் நகர்வதும் கிடையாது. ஒரு கூடம் பத்தாவது ரவுண்டை முடிக்கும்போது இன்னொன்று ஏழில் நிற்கும். டி.வி.யில் காட்டுவது இந்த அரைகுறைகளின் கூட்டுத்தொகையைத்தான்.

2019-ல் அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பகுதிகளில் சண்முகம் கூடுதலாக எடுத்தார். வேலூர், வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் கதிர் ஆனந்த் கூடுதலாக எடுத்தார். ஒரு பூத்துக்கு 650 ஓட்டு என்று வைத்துக்கொண்டால் 14 மேசைக்கு 9,100. அதாவது ஒரே கூடத்தின் ஒரே ஒரு ரவுண்டு, 8,141 என்ற வித்தியாசத்தைவிடப் பெரியது. இவ்வளவு நெருக்கமான போட்டியில் முன்னிலை மாறாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் படிவம் 20-ஐப் பாருங்கள். எந்த பூத்தில் யாருக்கு எத்தனை என்று முழுதும் அதில் இருக்கும். முடிவுக்குப் பிறகு தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் ஏற்றுவார்கள். உங்கள் பூத்தின் வரியை எடுத்து, வாக்குப்பதிவு அன்று ஏஜெண்டு வாங்கிய 17-சி (அந்த பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் படிவம்) நகலோடு ஒப்பிடுங்கள். மொத்தம் ஒத்துப்போனால் அந்த பூத்தைப் பற்றிய பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் பூத் ஏஜெண்டாக இருந்தேன். ஓட்டுப் போட்டவர்கள் 812 பேர். எண்ணும் இடத்தில் மெஷின் 862 காட்டியதாக எங்கள் கவுண்டிங் ஏஜெண்ட் சொல்கிறார். 50 கள்ள ஓட்டு எப்படி நுழைந்தது?
– வாசகர், ஆம்பூர்

பதில்: சரியாக 50 அதிகம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாதிரி வாக்குப்பதிவை. ஓட்டுப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரத்துக்கு முன், ஏஜெண்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டு போட்டுக் காட்டுவார்கள். அது முடிந்ததும் கண்ட்ரோல் யூனிட்டில் (ஓட்டுகளைப் பதிந்துவைக்கும் பாகம்) 'க்ளோஸ்', 'ரிசல்ட்', 'க்ளியர்' என்று மூன்று பட்டன்களையும் இந்த வரிசையில் அழுத்தவேண்டும். மொத்தம் பூஜ்யம் என்று காட்டிய பிறகுதான் சீல். அவசரத்தில் 'க்ளியர்' விட்டுப்போனால் அந்த 50-ம் உள்ளேயே தங்கிவிடும். விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டாக அச்சிட்டுக் காட்டும் கருவி) பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளையும் எடுத்துக் கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்கவேண்டும். அதையும் மறந்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

இப்படிப்பட்ட மெஷினை எண்ணிக்கை அன்று தனியாக ஒதுக்கிவைப்பார்கள். டிஸ்ப்ளே வேலை செய்யாத மெஷினுக்கும் இதே நடைமுறைதான். 2024 மக்களவைத் தேர்தலில் இருந்த நடைமுறை இது: கடைசி ரவுண்டு முடிந்ததும், ஒதுக்கிய பூத்துகளில் பதிவான மொத்த ஓட்டு, வெற்றி வித்தியாசத்தைவிடக் குறைவாக இருந்தால் அவற்றைத் தொடுவதில்லை. வித்தியாசம் அதற்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால் அந்த பூத்துகளின் விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள். உங்கள் மெஷினை ஒதுக்கினார்களா, 862-ஐ அப்படியே கூட்டினார்களா என்பதுதான் முக்கியம். படிவம் 20-ல் உங்கள் பூத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை 17-சி. ஓட்டுப்பதிவு முடிந்ததும் அங்கே இருக்கும் ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் கையெழுத்திட்ட நகலைத் தருவது வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் கடமை. கண்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட் (வாக்காளர் பட்டன் அழுத்தும் பாகம்), விவிபேட் மூன்றின் வரிசை எண்கள், பதிவேட்டில் கையெழுத்திட்டவர் எண்ணிக்கை, மெஷினில் பதிவான மொத்தம், பேப்பர் சீல் எண்கள் எல்லாம் அதில் உண்டு. பல ஏஜெண்டுகள் மாலை ஐந்து மணிக்கே சாப்பிடப் போய்விடுகிறார்கள், அல்லது வாங்கிய நகலைச் சட்டைப்பையிலேயே வைத்துத் துவைத்துவிடுகிறார்கள். அதைப் பத்திரமாகக் கவுண்டிங் ஏஜெண்டிடம் சேர்க்கவேண்டும். மேசையில் 'ரிசல்ட்' பட்டனை அழுத்துவதற்கு முன் அவர் யூனிட் எண்ணையும் சீல் எண்ணையும் ஒத்துப் பார்க்கவேண்டும். ஒவ்வாவிட்டால் அந்த நிமிடமே எழுதித் தரவேண்டும். மேசையில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்து மைக் பிடிப்பதால் எந்தப் பயனும் இல்லை.

கேள்வி: எங்கள் வேட்பாளர் தோற்றுவிட்டார். முடிவு அறிவித்துச் சான்றிதழும் கொடுத்தாயிற்று. இப்போது கலெக்டரிடம் மறு எண்ணிக்கை கேட்கலாமா?
– வாசகர், அணைக்கட்டு

பதில்: அந்த வாசல் மூடிவிட்டது. கடைசி ரவுண்டு முடிந்து, தேர்தல் நடத்தும் அதிகாரி மொத்தத்தை வாசித்ததும் கொஞ்ச நேரம் நிறுத்துவார். வேட்பாளரோ அவருடைய தலைமை ஏஜெண்டோ காரணத்தோடு எழுதிக் கொடுக்கவேண்டியது அந்த இடைவெளியில்தான். தேர்தல் நடத்துதல் விதிகளின் 63-வது விதி சொல்வது இது. அதிகாரி ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். படிவம் 20-ல் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவராலேயே எதுவும் செய்ய முடியாது.

இப்போது மிச்சம் இரண்டு வழி. ஒன்று, 2024 ஏப்ரல் 26-ல் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது: இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்தவர்கள், முடிவு வந்து 7 நாளுக்குள் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 சதவீத மெஷின்களின் மைக்ரோ கண்ட்ரோலரை (மெஷினுக்குள் இருக்கும் சிப்) தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்களை வைத்துச் சரிபார்க்கலாம். செலவு கேட்டவருடையது. முறைகேடு நிரூபணமானால் பணம் திரும்பும். 2024-ல் ஒரு செட்டுக்கு (கண்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட், விவிபேட் சேர்ந்தது) 40,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டணம் வைத்தார்கள். அந்த ஆண்டு இப்படி விண்ணப்பம் போன தொகுதிகளில் நம் வேலூரும் ஒன்று.

இன்னொன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு. முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு இங்கே செல்லாது, 46-ஆம் நாள் போனால் தள்ளுபடிதான். தொகுதி வாக்காளர் யாரும் போடலாம். வழக்குச் செலவுக்கு 2,000 ரூபாய் டெபாசிட். பணம் கொடுத்தார்கள் போன்ற குற்றச்சாட்டு இருந்தால் படிவம் 25-ல் தனிப் பிரமாணப் பத்திரம் வேண்டும். எந்த ஊர், எந்தத் தேதி, யார் யாருக்கு என்ற விவரம் இல்லாத மனு நிற்காது. பணம் கொடுத்ததுபோல வென்ற வேட்பாளரே செய்த முறைகேட்டைத் தவிர, மற்றவற்றில் தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அது முடிவையே மாற்றியது என்றும் காட்டவேண்டும். பல மனுக்கள் விழுவது இந்த இடத்தில்.

காலமும் பெரிய எதிரி. 2016-ல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார். தபால் ஓட்டு உறுதிமொழியில் தலைமையாசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லாது என்று தள்ளியதுதான் பிரச்சினை. உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டபோது 2019 அக்டோபர். எண்ணினார்கள், ஆனால் உச்ச நீதிமன்றத் தடையால் முடிவு வெளிவராமலே அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடிந்தது. இது வருத்தம் தரும் விஷயம். எண்ணும் கூடத்திலேயே விழிப்பாக இருங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம்.

கேள்வி: 2024-ல் ஓட்டுப்பதிவு அன்று இரவு தமிழ்நாட்டில் 72.09 சதவீதம் என்றார்கள். மறுநாள் 69.46. கடைசியில் 69.72. எதை நம்புவது?
– கல்லூரி மாணவி, வாணியம்பாடி

பதில்: கடைசி எண்ணை. முதலில் சொன்னது, சில வாக்குச்சாவடிகளிலிருந்து ஆப் வழியாக வந்த தகவலை வைத்துப் போட்ட தோராயம். ஆறு மணிக்குள் வரிசையில் நின்றவர்கள் டோக்கன் வாங்கி அதன்பிறகும் ஓட்டுப் போடுவார்கள். எல்லா பூத்தின் 17-சி-யும் வந்து சேர்ந்து கூட்டிய பிறகே உண்மையான எண் கிடைக்கும். தோராயத்தைத் தோராயம் என்று சொல்லாமல் இரண்டு தசமப் புள்ளியோடு அறிவித்தது தவறு. மக்கள் சந்தேகப்பட்டதில் குறை காண முடியாது.

கேள்வி: "உங்க காலனி ஓட்டு எங்களுக்கு விழலை, லிஸ்டைப் பார்த்துட்டோம், இனி தண்ணி லாரி வராது" என்கிறார் ஊரில் ஒருவர். நாங்கள் யாருக்குப் போட்டோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?
– வாசகி, கே.வி.குப்பம் அருகில்

பதில்: உங்கள் ஓட்டு யாருக்கும் தெரியாது அம்மா. மெஷினில் பெயர் பதிவாவதில்லை. விவிபேட் சீட்டிலும் பெயர் இல்லை, ஏழு நொடி காட்டிவிட்டுப் பெட்டிக்குள் விழும். அவர் பார்த்தது படிவம் 20-ல் இருக்கும் பூத் மொத்தத்தை. ஒரு காலனிக்கே தனி பூத் இருந்தால் அந்த மொத்தமே மிரட்ட ஆயுதமாகிவிடுகிறது. பல பூத் மெஷின்களைச் சேர்த்து ஒரே மொத்தமாகக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. சட்ட ஆணையமும் 2015-ல் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

நீங்கள் செய்யவேண்டியது: அவர் சொன்ன நாள், இடம், சொன்ன வார்த்தை, கேட்டவர்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். தண்ணீர் நின்ற தேதியையும் குறியுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் பத்துப் பேராகப் போய் மனு கொடுத்து, மனு எண் போட்ட ரசீது வாங்குங்கள். தண்ணீருக்கு ஒரு மனு, மிரட்டலுக்குக் காவல் நிலையத்தில் தனிப் புகார். இரண்டையும் ஒன்றாக எழுதினால், ஒவ்வொரு அலுவலகமும் இது தன் வேலையில்லை என்று அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளிவிடும்.

கேள்வி: சம்பந்தி வீட்டாரும் நாங்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் 2024 முடிவு பற்றி இன்னும் சண்டை. மாப்பிள்ளை "293, நாங்கதான் ஜெயிச்சோம்" என்கிறார். என் தம்பி "240தான், பெரும்பான்மையே இல்லை" என்கிறான். குழு அட்மின் நான். யாராவது தப்பாகப் போட்டால் என் மேல் வழக்கு வருமா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: இருவர் சொல்லும் எண்ணும் சரிதான். 543 இடத்தில் பெரும்பான்மைக்கு 272 வேண்டும். பா.ஜ.க. தனியாக 240, கூட்டணியாக 293. 2019-ல் அந்தக் கட்சி தனியாகவே 303 எடுத்திருந்தது. ஆட்சி அமைக்கக் கூட்டணி எண் போதும், கட்சி வளர்ந்ததா தேய்ந்ததா என்று பார்க்கத் தனி எண் வேண்டும். மாப்பிள்ளை ஒரு கேள்விக்கும் தம்பி இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதைக் குழுவில் போடாமல் இருவரிடமும் தனித்தனியே சொல்லுங்கள், மாப்பிள்ளையிடம் முதலில்.

குழுவை நடத்துவதால் மட்டும் அட்மின் குற்றவாளி ஆகமாட்டார் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் தெளிவாக்கியது. ஆனால் சாதி, மதத்தை இழுத்துப் பகை மூட்டும் பதிவை நீங்களே ஃபார்வர்ட் செய்தால், பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 196-வது பிரிவு உங்கள் மேலேயே பாயும். அப்படி யாராவது போட்டால் அட்மின் உரிமையில் அதை அழித்துவிடுங்கள். சூடு ஆறும்வரை 'அட்மின்கள் மட்டும்' என்று மாற்றியும் வைக்கலாம்.

கேள்வி: 2019 வேலூர் தேர்தலில் வித்தியாசத்தைவிட நோட்டா அதிகம். அப்படியானால் அந்த வெற்றி செல்லுமா?
– வாசகர், வேலூர்

பதில்: செல்லும். நோட்டாவே முதலிடம் வந்தாலும் அடுத்து அதிகம் எடுத்த வேட்பாளரே வென்றவர். டெபாசிட் கணக்கிலும் நோட்டா சேராது. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் கட்டிய 25,000 ரூபாய் திரும்பும். பட்டியல் இன, பழங்குடி வேட்பாளருக்கு அது 12,500. 2024-ல் வேலூரில் மூன்றாம் இடம் வந்த அ.தி.மு.க. 1,17,682 எடுத்தும் டெபாசிட் போனது இந்தக் கணக்கால்தான்.

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். வேலூர் எம்.பி. எங்கள் பக்கம் வரவே இல்லை என்று நண்பர்களோடு பேசினால், "அவர் உன் எம்.பி.யே இல்லை" என்கிறார்கள். மாவட்டம் வேலூர்தானே?
– வாசகர், காட்பாடி

பதில்: மாவட்டம் வேலூர், மக்களவைத் தொகுதி அரக்கோணம். 2008 தொகுதி மறுவரையறை முதல் திருத்தணி, அரக்கோணம், சோளிங்கர், ராணிப்பேட்டை, ஆற்காடு ஆகியவற்றோடு காட்பாடியும் அதில் இருக்கிறது. இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்து வாணியம்பாடியும் ஆம்பூரும் வேலூர் தொகுதியில் இருக்கின்றன. 2024-ல் அரக்கோணத்தில் வென்றவர் ஜெகத்ரட்சகன். உங்கள் மனுவை அவருடைய அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: முடிவு பற்றி 10,000 ரூபாய் பந்தயம் கட்டி ஜெயித்தேன். தோற்றவர் தரமாட்டேன் என்கிறார். வக்கீல் நோட்டீஸ் விடலாமா?
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் இதுதான் நிலை. நோட்டீஸுக்கு ஆகும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.