வீடியோ கன்வெர்ட்டருக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

கேள்வி: பழைய கேம்கார்டரில் எடுத்த குடும்ப வீடியோக்கள் எம்டிஎஸ் ஃபைல்களாக ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. டிவியில் ஓடவில்லை. ஒரு கன்வெர்ட்டரின் ட்ரையலைப் போட்டுப் பார்த்தேன். படத்தின் நடுவே தன் பெயரைப் பதித்துவிடுகிறது. வருடச் சந்தா கட்டுவதா, சலுகை விலையில் தரும் 'வாழ்நாள் உரிமம்' வாங்குவதா? புது கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும் என்கிறான் மகன்.

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். முதலில் உங்களுக்கு கன்வெர்ஷனே தேவையா என்று பார்ப்போம்.

எம்டிஎஸ் ஃபைலுக்குள் இருப்பது பெரும்பாலும் ஹெச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோ. இன்றைய டிவிகளுக்கு அது பழகியதுதான். மேலே இருக்கும் உறைதான், அதாவது ஃபைல் வடிவம்தான், சிலவற்றுக்குப் பிடிபடுவதில்லை. உறையை மட்டும் எம்பி4 ஆக மாற்றினால் போதும். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். படத்தை மறுபடி என்கோட் செய்யாததால், அதாவது புதிதாகச் சுருக்காததால், தரம் துளியும் குறையாது, ஃபைலை காப்பி செய்யும் நேரம்தான் ஆகும். ஒரு சின்ன ஃபைலை மாற்றி, பென் டிரைவில் போட்டு டிவியில் ஓட்டிப் பாருங்கள்.

அப்படியும் ஓடாதவற்றுக்கு ஹேண்ட்பிரேக் இருக்கிறது. வீடியோவை மறுபடி என்கோட் செய்யும், 2003 முதல் இருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். இதுவும் இலவசம், பெயரையெல்லாம் பதிக்காது. அதில் ஆர்எஃப் என்ற எண்தான் முக்கியம்: எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும். ஃபுல் ஹெச்டிக்கு 20 முதல் 22 வைத்துப் பாருங்கள். எல்லா ஃபைல்களையும் க்யூவில் சேர்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். ராத்திரியில் தானாக முடிகிற வேலைக்கு கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு? கார்டு வேகம் தரும், உண்மைதான். ஆனால் அதே அளவு ஃபைலில் கம்ப்யூட்டரின் சிபியு (பிராசசர்) தரும் தரம் பொதுவாக ஒரு படி மேல். மகனுக்கு கார்டு வேறு எதற்கோ தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்!

இலவசம் என்பதற்காகக் கண்ட தளத்தில் இறக்காதீர்கள். 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக்கின் சொந்த டவுன்லோட் சர்வர் ஒன்றிலேயே புகுந்து, மேக் பதிப்பில் மால்வேரைச் சேர்த்துவிட்டார்கள். அதிகாரபூர்வ தளத்தில் இறக்கி, இறக்கிய ஃபைலின் செக்சத்தை (ஃபைல் மாறியிருக்கிறதா என்று காட்டும் எண்) அங்கே கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுவது நல்லது.

'வாழ்நாள்' என்பது பல நேரம் அந்த ஒரு பதிப்பின் வாழ்நாள்தான். அடுத்த பதிப்புக்குத் தனியாகக் கேட்பார்கள். வீடியோ எடிட்டிங்கில் வருமானம் வருகிறவர் என்றால் என் பதில் வேறு. அவர்கூட டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் தொடங்கலாம், 4கே வரை எக்ஸ்போர்ட் செய்ய முடியும்.

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். நொடிக்கு 17 மெகாபிட்டில் பதிவான ஒரு மணி நேர வீடியோ சுமார் 7.6 ஜிபி பிடிக்கும். 8 மெகாபிட்டுக்குச் சுருக்கினால் 3.6 ஜிபி. பாதி இடம் மிச்சம் என்று பலரும் ஒரிஜினலை அழித்துவிடுகிறார்கள். சுருக்கியதில் போன விவரம் திரும்ப வராது. அதனால் ஒரிஜினல் இரண்டு டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

அப்புறம், கன்வெர்ட்டர் ட்ரையலுக்காக வங்கி கார்டு எண் கொடுத்திருந்தால் இன்றைக்கே அந்த மென்பொருளின் கணக்கில் நுழைந்து ஆட்டோ ரினியூவலை நிறுத்துங்கள். மென்பொருளை கம்ப்யூட்டரிலிருந்து நீக்கினால் மட்டும் சந்தா நின்றுவிடாது.