செக்‌ஷன் நம்பர் இருக்கட்டும், தேதி என்ன? வக்கீல்களின் கேள்விகளுக்குப் பதில்

மாவட்ட கோர்ட்டில் கிரிமினல் பக்கம் இருபத்துச் சொச்சம் வருடம் ஓட்டியவன் என்ற தைரியத்தில் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வந்ததில் பாதி, பழைய தண்டனைச் சட்டம், குற்ற நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக 1.7.2024இல் வந்த புதிய மூன்று சட்டங்களைப் பற்றித்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாமக்கல்லிலிருந்து ஒரு ஜூனியர்: சார், மோசடி நடந்தது 2024 மார்ச்சில். எஃப்.ஐ.ஆர். போட்டது செப்டம்பரில். எந்தச் சட்டம்? முன்ஜாமீன் பழைய நடைமுறைச் சட்டத்தின் 438இலா, புதியதின் 482இலா?

இது இரண்டு கேள்வி தம்பி, சேர்த்துப் பார்த்தால்தான் குழப்பம். என்ன குற்றம், என்ன தண்டனை என்பதைச் சம்பவத் தேதி முடிவு செய்யும். 1.7.2024க்கு முன்னால் நடந்தது என்றால் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 420தான். அரசமைப்புச் சட்டம் 20(1) இருக்கும்போது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 318(4)ஐப் பின்தேதியிட்டு ஒட்ட முடியாது.

நடைமுறை வேறு கணக்கு. புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் பிரிவு 531ஐ ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். 1.7.2024 அன்று நிலுவையில் இருந்த விசாரணை, புலனாய்வு, மனு, அப்பீல் ஆகியவற்றுக்குத்தான் பழைய சட்டம். உங்கள் எஃப்.ஐ.ஆர். செப்டம்பரில் பிறந்தது, ஆகவே மனு 482இல். ஒரே மனுவில் பழைய 420உம் புதிய 482உம் இருப்பதைப் பார்த்தால் என்னவோ போலத்தான் இருக்கும், ஆனால் அதுதான் சரி.

இந்த 482 ஒரு குறும்புக்கார நம்பர். எங்கள் தலைமுறைக்கு 482 என்றாலே ஹைகோர்ட்டில் குவாஷ், அதாவது வழக்கையே ரத்து செய்யக் கேட்கும் மனு. இப்போது குவாஷ் 528க்குப் போய்விட்டது. 2024 ஜூலை முதல் வாரத்தில் என் குமாஸ்தா கம்ப்யூட்டரில் இருந்த பழைய மாதிரியை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி 438 என்றே தாக்கல் செய்துவிட்டார். ரிட்டர்ன் ஆகி, திருத்தி, நம்பர் ஆவதற்குள் இரண்டு நாள் போச்சு. அந்த இரண்டு நாளும் கட்சிக்காரரின் மனைவி போனில் விட்ட ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. முதல் வேலையாக உங்கள் ஆபீஸ் மாதிரிகளை எல்லாம் மாற்றுங்கள்.

அவரே: 2019 கேஸ் ஒன்று சாட்சி விசாரணையில் இருக்கிறது. எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரைக் கேள்வி கேட்பது பழைய 313இலா, புதிய 351இலா?

313. அந்த வழக்கு முடியும்வரை பழைய சட்டம்தான் கூட வரும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மேடம்: வாட்ஸப் உரையாடல், ஒரு வீடியோ. மின்னணுச் சாட்சியத்துக்கான பழைய 65-பி சான்றிதழ் கொடுத்தேன், எதிர்த்தரப்பு செல்லாது என்கிறது.

எதிர்த்தரப்பு சொல்வதில் விஷயம் இருக்கிறது. புதிய சாட்சியச் சட்டத்தில் அது பிரிவு 63. சான்றிதழின் வாசகம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது, பகுதி ஏ, பகுதி பி என்று. ஏ பகுதியைச் சாதனத்தை வைத்திருந்தவர் நிரப்ப வேண்டும், பி பகுதியை நிபுணர். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும். அந்த நிபுணர் யார் என்று பிரிவு 63 விரித்துச் சொல்லவில்லை. அதனால் யாரை வைத்தாலும் ஒரு ஆட்சேபணை வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

ஹாஷ் என்றதும் பலர் மிரள்கிறார்கள். கோப்புக்கு எடுக்கிற கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷா-256 என்ற முறையில் எடுத்தால் எழுத்தும் எண்ணுமாக 64 இடம் வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினால்கூட மொத்தமும் வேறாகிவிடும்.

நம் ஆட்கள் கோட்டை விடுவது இங்கேதான். கட்சிக்காரர் வருகிறார், வீடியோ இருக்கிறது என்கிறார், நாமும் "வாட்ஸப்பில் தட்டி விடுங்க" என்கிறோம். அப்படி அனுப்பும்போது வாட்ஸப் வீடியோவைச் சுருக்கிவிடும். நம் கைக்கு வருவது வேறு கோப்பு, அதன் ஹாஷும் வேறு. போனையே கொண்டுவரச் சொல்லி, கேபிள் போட்டு, மூலக் கோப்பை அப்படியே பென் டிரைவில் எடுங்கள். ஹாஷை அன்றைக்கே எடுத்துத் தேதியோடு குறித்து வையுங்கள். அப்புறம் அந்தப் போனை விற்கவோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். தீபாவளி ஆஃபரில் சாட்சியம் போன கதை எங்கள் வக்கீல் சங்கத்திலேயே உண்டு.

ஈரோட்டிலிருந்து: ரிமாண்டு ஆகி 25 நாள் கழித்துப் போலீஸ் கஸ்டடி கேட்கிறார்கள். முடியுமா?

இப்போது முடியும். முன்பு முதல் 15 நாளோடு அந்தக் கதவு மூடிவிடும். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 187இல் கஸ்டடி மொத்தம் அதே 15 நாள்தான், ஆனால் அதைத் துண்டு துண்டாகக் கேட்கலாம். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் கெடு உள்ள வழக்கு என்றால் முதல் 40 நாளுக்குள், 90 நாள் வழக்கு என்றால் முதல் 60 நாளுக்குள். இந்தத் திருத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. எதிரியின் தலைமேல் கத்தியை நாற்பது நாள் தொங்கவிடுகிற வேலை இது.

பெயில் மனுவில் "இன்னும் கஸ்டடி பாக்கி" என்று அரசுத் தரப்பு வக்கீலான ஏ.பி.பி. எதிர்த்தால் பிரிவு 480இன் வரம்புரையைக் காட்டுங்கள். முதல் 15 நாளுக்குப் பிறகும் கஸ்டடி தேவைப்படலாம் என்பது மட்டுமே பெயிலை மறுக்கப் போதாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. வாதத்தில் இதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

சேலத்திலிருந்து: செக் கேஸ் போட்டால், கோர்ட் வழக்கைக் கோப்புக்கு எடுக்கும் முன்பே எதிரிக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறார்கள்.

தனிநபர் புகாரில் எதிரிக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். பிரிவு 223 சொல்வதால் வந்த வினை. 138 வழக்குகளுக்கு, அதாவது செக் கேஸ்களுக்கு, அந்தக் கட்டம் தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பின் நகலை மெமோவோடு வையுங்கள்.

இந்த வருடம் சட்டப் படிப்பை முடிப்பவர்: வக்கீலாகப் பதிவு செய்ய எவ்வளவு ஆகும்? நீதிபதித் தேர்வு உடனே எழுதலாமா?

வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 24இன்படி பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125. முத்திரைக் கட்டணம் இருந்தால் அது தவிர, அதற்கு மேல் எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முன்பு ஆயிரக்கணக்கில் கட்டியவர்களுக்குத் திரும்பக் கிடைக்காது, நாங்கள் கட்டியது கட்டியதுதான்.

சிவில் நீதிபதித் தேர்வை உடனே எழுத முடியாது. மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20இல் தீர்ப்பு வந்திருக்கிறது. தற்காலிகப் பதிவுத் தேதியிலிருந்தே அந்த அனுபவத்தைக் கணக்கிடலாம். அதனால் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

மதுரையிலிருந்து ஒரு சீனியர்: வழக்கறிஞர் சட்டத் திருத்த மசோதா என்ன ஆயிற்று அண்ணே?

2025 பிப்ரவரியில் வரைவை வெளியிட்டார்கள். கோர்ட் புறக்கணிப்புக்குத் தடை, பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட மத்திய அரசுக்கு அதிகாரம் என்றெல்லாம் இருந்தது. நம் பார் கவுன்சிலின் பெயரை மெட்ராஸ் பார் கவுன்சில் ஆக்குவதாகவும் ஒரு வரி. அது இங்கே தனியாகக் கொதிப்பைக் கிளப்பியது. நாடெங்கும் எதிர்ப்பு வர, பத்து நாளுக்குள் மறுபரிசீலனைக்கு என்று திரும்பப் பெற்றார்கள். கோர்ட் புறக்கணிப்பை நம் உரிமை என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. வாய்தா வாங்கி வாங்கி ஓய்ந்த கட்சிக்காரர் பஸ் ஏறி வந்து "இன்னைக்கும் கோர்ட் இல்லையா?" என்று கேட்பதை நானும் தினமும் பார்க்கிறேன். ஆனால் பார் கவுன்சிலின் கழுத்தில் அரசு கயிறு கட்டுவதை ஏற்க முடியாது.

கோவையிலிருந்து: கட்சிக்காரர் என்னிடம் என்ன சொன்னார் என்று விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து எனக்கே சம்மன் வந்திருக்கிறது.

உடனே கிளம்பிப் போகாதீர்கள். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதைப் புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 132 காப்பாற்றுகிறது, விதிவிலக்குகள் சிலதான். உச்ச நீதிமன்றத்தின் 2025 அக்டோபர் 31 தீர்ப்பின்படி, அந்த விதிவிலக்கில் வருகிறது என்றால் மட்டுமே சம்மன். அதுவும் எந்த விதிவிலக்கு என்று குறிப்பிட்டு, எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரியின் ஒப்புதலோடு வர வேண்டும். உங்களுக்கு வந்த காகிதத்தில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்கி, ஹைகோர்ட்டுக்கு 528இல் மனு தயார் பண்ணுங்கள். 482 இல்லை, 528.